மூளையின் குருதிக் குழாய்களும் முதுமையும்

நரை கண்ணுக்குத் தெரிகிறது. தோல் சுருங்குவதும் தெரிகிறது. முழங்கால் தேய்ந்தால் படியேறும்போது அதுவே சொல்லிவிடும். ஆனால் தலையோட்டுக்குள் இருக்கும் குருதிக் குழாய்களுக்கு வயது போவதை நாம் காண்பதில்லை, அவை நோவதுமில்லை. அதனாற்றான் எம்மவர் வீடுகளில் "அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி, வயசுதானே" என்று சொல்லி அவ்வளவோடு விட்டுவிடுகிறோம். "வயசுதானே" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் தடுக்கக்கூடியதும் தடுக்க முடியாததும் ஒன்றாகக் கட்டப்பட்டு விடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் தொழிலாற் கணக்காளர், வைத்தியர் அல்லோம். ஆதலால் மருந்து சொல்லப் போவதில்லை. எங்கே வரவு, எங்கே செலவு, எங்கே கசிவு என்று தேடுவது எமக்குப் பழக்கம். வைத்திய நூல்கள் கூறுவதை அந்த ஒழுங்கில் அடுக்கித் தருகிறோம். உங்கள் வீட்டு முதியவருக்கு எது பொருந்தும் என்பதை அவரது டொக்டரே முடிவு செய்ய வேண்டும்.

1. கையிருப்பு இல்லாத ஓர் உறுப்பு

வளர்ந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.4 கிலோ நிறையுடையது. உடல் நிறையில் இது நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஒட்சிசனில் நூற்றுக்கு இருபது பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் குருதி அதற்குச் செல்கிறது.

இவ்வளவு செலவுக்காரருக்குச் சேமிப்பு என்று எதுவும் இல்லை என்பதுதான் வியப்பு. ஈரலும் தசையும் சீனியைச் சேமித்து வைக்கின்றன, கொழுப்பும் சேமிப்பே. மூளையோ அன்றாடம் வருவதை அன்றாடமே செலவிடும் கூலிக்காரனைப் போன்றது. குருதியோட்டம் முற்றாக நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்புக் கலங்கள் சாகத் தொடங்கும். ஆகவே மூளையின் நலம் என்பது பெரும்பாலும் அதற்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்களின் நலமே.

2. கேட்ட இடத்துக்குக் கொடுக்கும் நிருவாகம்

இத்தாலியின் தூரின் நகரில் அஞ்சலோ மொஸ்ஸோ என்ற உடலியல் அறிஞர் இருந்தார். விபத்தொன்றில் தலையோடு உடைந்து ஓரிடம் திறந்திருந்த ஒரு கமக்காரரை அவர் பரிசோதித்தார். அத்துவாரத்தின் வழியே மூளையின் துடிப்பை ஒரு கருவியாற் பதிவு செய்து வந்தார். ஒரு நாள் நண்பகல் தேவாலய மணி அடித்தது. கமக்காரரின் கையில் நாடித்துடிப்பு மாறவில்லை. மூளையின் துடிப்பு மட்டும் உயர்ந்தது. மணியோசை அவருக்குச் செபத்தை நினைவூட்டியிருக்கும் என்று எண்ணி மொஸ்ஸோ அதுபற்றிக் கேட்டார். கேள்வியைக் கேட்டதுமே துடிப்பு மறுபடியும் உயர்ந்தது. இவ்வாய்வுகளை அவர் 1880 இல் வெளியிட்டார். ஆலயமணி கேட்டவுடன் எம்முள் ஏதோ அசைகிறது என்பது வெறும் பேச்சன்று. தலைக்குள் குருதியே அசைகிறது.

1890 இல் இங்கிலாந்தில் ரோய், ஷெரிங்டன் என்ற இருவர், மூளையின் எப்பகுதி வேலை செய்கிறதோ அப்பகுதிக்குக் கூடுதற் குருதியை வரவழைக்கும் ஒழுங்கு மூளைக்குள்ளேயே இருக்கிறது என எழுதினர். 1955 இல் அமெரிக்காவில் மனக்கணக்குச் செய்வோரின் மூளைக் குருதியோட்டத்தை அளந்தபோது மொத்த அளவு மாறவில்லை எனக் கண்டனர். எம் தொழிலில் இதனை எளிதில் விளங்கிக் கொள்வோம். வரவு செலவுத் திட்டத்தின் மொத்தத் தொகை அதுவே. உள்ளே பகுதிகளுக்கான ஒதுக்கீடுதான் நேரத்துக்கு நேரம் மாறுகிறது. இன்று எம்.ஆர்.ஐ. இயந்திரம் கொண்டு, பேசும்போது எப்பகுதி, பாட்டுக் கேட்கும்போது எப்பகுதி என்று படம் எடுப்பதும் இந்த ஒதுக்கீட்டை வைத்துத்தான்.

இந்த ஒதுக்கீட்டைச் செய்பவர் யார்? குருதிக் குழாயின் உட்புறத்தில் ஒரு கலத் தடிப்பில் மெல்லிய படலம் ஒன்று விரிக்கப்பட்டிருக்கிறது. அதை வெறும் உள்ளுறை என்றே பல காலம் எண்ணியிருந்தனர். 1980 இல் ரொபேர்ட் பேர்ச்கொற் என்ற அமெரிக்க அறிஞர், அந்தப் படலம் உரிந்துபோனால் குழாய் தளர்ந்து விரிய மறுக்கிறது எனக் கண்டார். படலம் அனுப்பும் செய்தி நைத்திரிக் ஒட்சைட்டு என்ற வாயு எனப் பின்னர் தெரிந்தது. இதற்காக 1998 இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நரம்புக் கலம் கேட்கிறது, பக்கத்திலுள்ள துணைக் கலங்கள் கடத்துகின்றன, உட்படலம் வாயுவை விடுகிறது, குழாயின் தசை தளர்கிறது, குருதி வருகிறது. எல்லாம் ஓரிரு விநாடிக்குள் முடிகின்றன.

இன்னொரு பொறுப்பும் உண்டு. நாம் படுக்கிறோம், எழுகிறோம், கோபிக்கிறோம். உடலின் குருதி அமுக்கம் ஏறியிறங்குகிறது. அவ்வளவும் மூளைக்குள் போய்விடாமல், அமுக்கம் கூடும்போது குழாய் சுருங்கியும் குறையும்போது விரிந்தும் ஓட்டத்தைச் சமமாக வைத்திருக்கிறது.

3. வயது செய்யும் மாற்றங்கள்

கணக்கியலில் பெறுமானத் தேய்வு என்று ஒன்று உண்டு. எந்த இயந்திரமும் வாங்கிய நாள் தொடக்கம் தேய்கிறது. அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு வாகனங்களில் ஒன்று பத்து ஆண்டிலும் மற்றது இருபது ஆண்டிலும் கழிக்கப்படுவதைக் காண்கிறோம். மூளையின் குழாய்களும் அப்படியே. தேய்வு நான்கு வழிகளில் நடக்கிறது.

முதலாவது, பெருநாடி விறைக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி இளமையில் றப்பர்க் குழாய் போல மீள்தன்மை உடையது. இதயம் அடிக்கும் ஒவ்வோர் அடியையும் அது வாங்கி விரிந்து, பின் மெல்ல விட்டு, ஓட்டத்தைச் சீராக்குகிறது. வயது போக மீள்சக்தி நார்கள் அறுந்து, விறைப்பான நார்களும் சுண்ணமும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. அதன் பின் இதயத்தின் அடி குறையாமல் உள்ளே பாய்கிறது. மூளையின் குழாய்கள் குருதிக்கு அதிக தடை காட்டாதவை. எனவே அந்த அடி நுண்ணிய குழாய்கள்வரை போய் மோதுகிறது. முதியவர்களின் பிரஷரில் மேல் எண் கூடியும் கீழ் எண் கூடாமலும் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்த விறைப்பே காரணம். "கீழ் எண் நல்லாத்தானே இருக்கு" என்று ஆறுதல் கொள்வது சரியன்று.

இரண்டாவது, உட்படலம் சோர்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டு குறைவாக உண்டாகிறது. உண்டானதும் விரைவில் அழிகிறது. நரம்புக் கலம் கேட்டும் குருதி பிந்தியும் குறைந்தும் வருகிறது. உயர் அமுக்கம், சீனி வருத்தம், புகைத்தல் ஆகிய மூன்றும் இதே படலத்தைத்தான் தாக்குகின்றன. ஆகவே ஐம்பது வயதுக்காரரின் படலம் எழுபது வயதுக்குரியதாக ஆகிவிடக்கூடும்.

மூன்றாவது, மயிர்த்துளைக் குழாய்கள் குறைகின்றன. மூளையிலுள்ள இந்த நுண்குழாய்களை நீட்டிவைத்தால் ஏறத்தாழ 600 கிலோமீற்றர் வரும் என்று கணக்கிட்டுள்ளனர். வயதோடு இவற்றிற் சில அற்றுப்போகின்றன. மூளைக்குச் செல்லும் மொத்தக் குருதியும் நடுத்தர வயதிலிருந்து சிறிது சிறிதாகக் குறைகிறது.

நான்காவது, காவல் தளர்கிறது. குருதியில் உள்ளவை எல்லாம் மூளைக்குள் புகாதபடி குழாய்ச் சுவர்கள் இறுக்கமாகப் பொருத்தப்பட்டுள்ளன. கோயில் மூலத்தானத்துக்குள் எல்லோரும் போவதில்லையல்லவா, அதுபோன்ற ஒரு வரம்பு இது. 2015 இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வொன்று, இக்கசிவு வயதோடு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகம்பஸ் என்ற பகுதியில் ஏற்படுவதைக் காட்டியது.

4. ஒரு சனாதிபதியின் குருதி அமுக்கம்

அமெரிக்க சனாதிபதி பிராங்ளின் றூஸ்வெல்ற்றின் பிரஷர் 1941 இல் 188க்கு 105 ஆக இருந்தது. வயதாக ஆக அமுக்கம் உயர்வது இயல்பு, மூளைக்குக் குருதி தள்ள அது தேவை என்றே அக்காலத்து வைத்தியர் பலரும் நம்பினர். தக்க மருந்தும் அந்நாளில் இல்லை. 1945 ஏப்ரில் 12 ஆம் திகதி, கடுமையான தலையிடி என்று சொன்ன சிறிது நேரத்தில் அவர் நினைவிழந்தார். அப்போது அளந்த பிரஷர் 300க்கு 190. மூளையிற் குருதிக் குழாய் வெடித்து அன்றே காலமானார். வயது 63.

உலகின் ஆற்றல்மிக்க மனிதர் ஒருவருக்கே இவ்வளவுதான் செய்ய முடிந்தது என்பது பலரைச் சிந்திக்க வைத்தது. 1948 இல் அமெரிக்காவின் பிராமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரைத் தெரிந்து, ஆண்டாண்டாகப் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. உயர் அமுக்கம் பாரிசவாதத்துக்கும் இதய நோய்க்கும் வழி என்பது அங்கே உறுதிப்பட்டது. றூஸ்வெல்ற்றுக்குக் கிடைக்காத மாத்திரைகள் இன்று எம் வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. பல வீடுகளில் அவை அலுமாரியிலேயே இருந்துவிடுகின்றன என்பதுதான் எமது கவலை.

5. சத்தமில்லாத சேதம்

பாரிசவாதம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கம் விழும், வாய் கோணும், அம்புலன்ஸ் வரும். ஆனால் நுண்குழாய் நோய் சத்தமின்றி நடப்பது. யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரை வாய்க்காலில் விட்டுத் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீர் குறைந்தால் முதலில் வாடுவது கடைசிப் பாத்தி. மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பொருளுக்கு நீண்ட மெல்லிய குழாய்களின் நுனியிலிருந்தே குருதி கிடைக்கிறது. அதுவே கடைசிப் பாத்தி. அங்கே உண்டாகும் சேதம் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்புள்ளிகளாகத் தெரியும். அறுபது வயதுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலானோருக்கு ஓரளவேனும் இது உண்டு. சிறிதளவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கூடிக்கொண்டு போகாமற் பார்க்க வேண்டும்.

வெண்பொருள் என்பது மூளையின் பகுதிகளை இணைக்கும் தொலைபேசிக் கம்பிகள். அவை பழுதானால் வருவது வெறும் மறதியன்று. யோசிப்பது மந்தமாகும். சமையலில் எதற்குப் பின் எது என்ற ஒழுங்கு குழம்பும். நடை சிற்றடியாகும். எதிலும் நாட்டமின்றி ஓரிடத்தில் இருந்துவிடுவார்கள். இதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ நாம் ஏசிவிடுகிறோம். ஏசப்படுபவர் நோயாளி என்பதை அறிந்தால் வீட்டின் பேச்சே மாறும்.

சிறு சிறு அடைப்புகள் பல சேர்ந்து அறிவைக் குறைக்கலாம் என்பதை 1974 இல் விளக்கி எழுதியவர்களில் ஒருவர், பின்னர் ஒன்ராறியோவின் லண்டன் நகரிற் பணியாற்றிய விளாடிமிர் ஹசின்ஸ்கி. அல்ஸைமர் நோயுள்ள பலரிலும் குழாய்ச் சேதம் சேர்ந்தே இருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. அல்ஸைமரை முற்றாக நீக்க வழியில்லை. குழாய்களைக் காக்க வழியுண்டு. கையில் உள்ள பிடி அதுதான்.

6. காப்பாற்ற முடியும் என்பதற்குச் சான்று

"ஸ்பிறின்ற்" என்ற அமெரிக்க ஆய்வில் ஐம்பது வயதைத் தாண்டிய, சீனி வருத்தம் இல்லாத 9,361 பேர் சேர்ந்தனர். ஒரு பகுதியினருக்கு மேல் எண்ணை 140க்குக் கீழும், மறு பகுதியினருக்கு 120க்குக் கீழும் வைக்க முயன்றனர். 2019 இல் வெளியான முடிவின்படி, இரண்டாம் பகுதியினரில், முதுமை மறதிக்கு முன்படியாகிய இலேசான அறிவுக்குறை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. முழுமையான மறதி நோய் குறைந்ததா என்பதை மட்டும் அந்த ஆய்வால் உறுதிப்படுத்த முடியவில்லை. எல்லா முதியவர்களுக்கும் 120 பொருந்தாது. சிலருக்கு அவ்வளவு இறக்கினால் தலைசுற்றி விழ நேரும். எண்ணை முடிவு செய்வது டொக்டரின் வேலை. அளந்து கொண்டுபோய்க் கொடுப்பது எம் வேலை.

2011 இல் இன்னோர் ஆய்வு வெளிவந்தது. அதில் முதியவர் 120 பேர் பங்குபற்றினர். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாற்பது நிமிடம் வரை ஓராண்டு நடந்தவர்களுக்கு ஹிப்போகம்பஸ் நூற்றுக்கு இரண்டு அளவில் வளர்ந்தது; கை கால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. "லான்செற்" வைத்திய இதழின் ஆணைக்குழு 2024 இல் மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கூறியது. உயர் அமுக்கம், சீனி வருத்தம், கொலஸ்ரரோல், புகைத்தல், உடற்பயிற்சியின்மை, காது கேளாமை, தனிமை என்பன அவற்றுட் சில. இவற்றை முற்றாக நீக்கினால், மறதி நோய்களில் நூற்றுக்கு 45 பங்களவைத் தடுக்கவோ பிற்போடவோ இயலும் என்பது அவர்களின் மதிப்பீடு.

7. எம்மவர் வீடுகளில்

தென்னாசியருக்குச் சீனி வருத்தம் மற்றவர்களைவிட இளவயதிலும், பெரிய பருமன் இல்லாதபோதும் வருகிறது. "நான் மெல்லிய ஆள்தானே" என்பது எமக்குக் காப்பன்று. அத்துடன் எம் முதியவர்கள் பலர் ஊரில் தோட்டம், கோயில், சந்தை என்று நடந்து திரிந்தவர்கள். ஸ்பொன்சரில் வந்து இறங்கியபின், பனிக்காலம் ஆறு மாதமும் நாலு சுவருக்குள் ரீ.வி.யின் முன் இருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு வேலை; பேரர்களுக்குத் தமிழ் தடங்குகிறது. நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றுபோகின்றன. இரண்டும் மூளையின் குழாய்களுக்குத் தேவையானவை.

ஆகையால் நாம் செய்யக்கூடியவை:

அ. பிரஷரை வீட்டில் அளந்து எழுதுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி டொக்டரிடம் காட்டுங்கள்.

ஆ. அளவு நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரை எடுத்ததனாலேயே அந்த அளவு வந்தது.

இ. விரத காலத்துக்கு முன்பே டொக்டரைக் கேளுங்கள். கந்தசஷ்டியில் உணவை ஒறுத்துக்கொண்டு வழமையான சீனி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். தாமாக மாத்திரையை விடுவதும் ஆபத்தே.

ஈ. உப்பைக் குறையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், அதாவது ஒரு தேக்கரண்டியிலும் குறைவு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், மிக்சர் ஆகியவற்றிலுள்ள உப்பையும் இதிற் சேர்த்தே எண்ண வேண்டும்.

உ. மெல்ல எழும்புங்கள். வயதான குழாய்கள் சுருங்கி விரியப் பிந்துகின்றன. சந்நிதியில் விழுந்து கும்பிட்டவர் சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். முதலில் இருந்து, பின் எழ வேண்டும். இரவில் படுக்கையை விட்டு எழும்போதும் அப்படியே.

ஊ. பனிக்காலத்தில் கடைத்தொகுதிகளுக்கு உள்ளே நடக்கலாம். ஆலயத்துக்குக் கூட்டி வாருங்கள். உள்வீதி சுற்றுவதும் நடையே. நாலு பேருடன் கதைப்பதும் மருந்தே.

எ. டொக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் கொண்டு செல்லுங்கள். மொழிபெயர்க்கும் பொறுப்பைச் சின்னப் பிள்ளையிடம் விடாமல் வளர்ந்த ஒருவர் போக வேண்டும். "மறதி" என்று மட்டும் சொல்லாமல், எதை, எப்போது தொடக்கம் என்று சொல்ல வேண்டும்.

8. உடனே செய்ய வேண்டியது

முகம் ஒரு பக்கம் தொங்குகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று விழுகிறதா? பேச்சுக் குழறுகிறதா? இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் 911 ஐ அழையுங்கள். பெருங்குழாய் அடைபட்ட பாரிசவாதத்தில் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன. கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். சிலருக்கு 24 மணி நேரம் வரை குழாய் விட்டுக் கட்டியை எடுக்க முடியும். ஆனால் முந்தினால் முந்தியளவுக்கு நன்மை. கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். அஸ்பிரின் கொடுக்க வேண்டாம். குழாய் வெடித்த பாரிசவாதமாயின் அது கேடு செய்யும். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். மகன் வேலையால் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது பெரியதற்கு முன்வரும் எச்சரிக்கை.

ஆங்கிலம் தெரியாத முதியவர்கள் பகலில் வீட்டில் தனித்திருக்கிறார்கள். 911 என்ற எண்ணையும், "ஸ்ரோக்" என்ற சொல்லையும், வீட்டு விலாசத்தையும் அவர்களுக்கு மனப்பாடமாக்குங்கள். விலாசத்தைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும். இந்தக் கிழமையே செய்துவிடுவோம்.